பால் கணக்கும் ஐ.டி. டிபார்ட்மெண்ட்டும்

போன ஞாயித்துக்கிழமை காலையில, இட்லி இன்னும் இறங்கலை, அதுக்குள்ள பழைய சகா ஒருத்தர்கிட்டேருந்து ஃபோன். "யோவ், எங்க கம்பெனியில ஐ.டி. டிபார்ட்மெண்ட்டை இனிமே பிஸினஸ் மாதிரி நடத்தணும்னு எம்.டி. சொல்லிட்டாருய்யா. ஒவ்வொரு டிபார்ட்மெண்ட்டுக்கும் மாசாமாசம் பில் போடணுமாம். நாங்க தனியா லாப நஷ்டக் கணக்கு காட்டணுமாம். நீ இதெல்லாம் பண்ணினவனாச்சே. அந்த எக்செல் ஷீட் இருந்தா அனுப்பேன்."

ஷீட் இருந்தது. அனுப்பலை. பதிலுக்கு முக்கால் மணி நேரம் பேசினேன். இட்லி ஆறிப் போச்சு, வீட்டுல முறைப்பு வேற. ஃபோன்ல சொன்னது கோர்வையா வரலை, அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆணி கம்மியா இருக்கிற நேரமாப் பார்த்துப் படிங்க :-)

முதல்ல என் கட்சி என்னன்னு சொல்லிடறேன். ஐ.டி. டிபார்ட்மெண்ட் பைசா பைசாவா கணக்கு வெச்சுக்கணும். அந்தக் கணக்கை எல்லாருக்கும் காட்டணும். ஆனா காசை சக டிபார்ட்மெண்ட்கிட்ட வசூல் பண்ணக் கூடாது. கணக்கு இல்லாமப் போனா கம்பெனி பணம் வீணாப் போகும். வசூல்ல இறங்கினா அதைவிடப் பெரிசா ஒண்ணு போகும். அது என்னன்னு சொல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

*

2011. கோயமுத்தூர் பக்கம், பம்ப் தயாரிக்கற கம்பெனி. கிட்டத்தட்ட ஐந்நூறு கம்ப்யூட்டர், பொட்டி தட்ட ஆறு பேர். அந்த ஆறு பேருக்கும் நான்தான் டேமேஜர். வருஷா வருஷம் பட்ஜெட் மீட்டிங்ல எனக்கு ஒரே அர்ச்சனைதான். "உங்க டிபார்ட்மெண்ட் காசைத் தின்னுட்டே இருக்கு, பதிலுக்கு என்ன குடுக்குது?" என்கிட்ட பதில் இருக்காது. மெயில் போகுது, பில்லிங் ஓடுது, சம்பளம் போடறோம்னு சொன்னா, "அது எப்பவும் ஓடறதுதானே"ம்பாங்க.

அந்த சமயத்துல ஒரு ஆலோசகர் வந்து ஐடியா குடுத்தார். ஐ.டி.யை ஒரு குட்டிக் கம்பெனி மாதிரி நடத்துங்க, மத்த டிபார்ட்மெண்ட் எல்லாம் உங்க வாடிக்கையாளர், நீங்க தர்ற ஒவ்வொரு சேவைக்கும் விலை போடுங்கன்னார். எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. உண்மையைச் சொல்லணும்னா, இனிமே யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாதுன்னுதான் பிடிச்சுது.

ராப்பகலா உட்கார்ந்து விலைப்பட்டியல் தயார் பண்ணினேன். ஒரு கம்ப்யூட்டருக்கு மாசம் 1,800 ரூபாய். ஒரு மெயில் பெட்டிக்கு 90. கூப்பிட்டு ஆள் வந்து பார்த்தா ஒரு தடவைக்கு 150. பேக்கப் வேணும்னா ஒரு மெஷினுக்கு 400. முதல் ரெண்டு மாசம் மாதிரி பில் மட்டும் அனுப்பறது, மூணாவது மாசத்திலேருந்து நிஜமாவே அந்தந்த டிபார்ட்மெண்ட் பட்ஜெட்ல கழிக்கறதுன்னு முடிவாச்சு.

அந்த முதல் ரெண்டு மாசம் இருக்கே, அற்புதம். பில்லைப் பார்த்ததும் ஒவ்வொருத்தரும் தன் டிபார்ட்மெண்ட்டைச் சுத்திப் பார்க்க ஆரம்பிச்சாங்க. வேலையை விட்டுப் போனவங்க பேர்ல இருந்த மெயில் பெட்டி எல்லாம் மூடச் சொல்லி லெட்டர் வந்தது. துணி போர்த்தி மூலையில கிடந்த முப்பத்தெட்டு கம்ப்யூட்டர் எங்ககிட்டத் திரும்பி வந்தது. அந்த வருஷம் புதுசா வாங்க வேண்டியிருந்ததுல பாதி மிச்சம். எம்.டி. கூப்பிட்டு காபி குடுத்தார். நானும் தலையில கொம்பு முளைச்ச மாதிரி திரிஞ்சேன்.

மூணாவது மாசம் காசு கழிய ஆரம்பிச்சுது. அதோட காட்சி மாறுச்சு.

முதல்ல ஃபோன் வர்றது குறைஞ்சுது. சேவை நல்லா இருக்கு, அதான் புகார் இல்லைன்னு ரிப்போர்ட்ல எழுதினேன். பெரிய கிராஃப் எல்லாம் போட்டு! அப்புறம் ஒரு நாள் ஷாப் ஃப்ளோர் பக்கம் போனா, சூப்பர்வைசர் ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே கேட்கறார், "என்னங்க தம்பி, வந்து எட்டிப் பார்க்கறதுக்கே நூத்தம்பதுங்களா?" அவர் அக்கா பையன் பாலிடெக்னிக் படிக்கறான், சனிக்கிழமை வந்து எல்லா மெஷினையும் பார்த்துட்டுப் போறானாம். அந்தப் பையன் பென் டிரைவ்ல கொண்டு வந்த வைரஸை விரட்ட எங்க ஆளுங்க நாலு ராத்திரி தூங்கலை. அந்த நாலு ராத்திரிக்கு யாருக்கு பில் போடறதுன்னு மறுபடி ஒரு மீட்டிங்!

ஸ்டோர்ஸ்காரங்க கிராஸ்கட் ரோட்டுல ஒரு ரூட்டர் வாங்கி அவங்களே மாட்டிக்கிட்டாங்க. மார்க்கெட்டிங் ஆளுங்க வெளியில தனியா ஒரு மெயில் கணக்கு வாங்கி அதுல ஆர்டர் எடுத்தாங்க. எல்லாம் மிச்சம் பிடிக்கறாங்களாம். யார் காசை யார் மிச்சம் பிடிக்கறாங்க? எங்க சர்வர் அப்படியேதான் ஓடிக்கிட்டு இருந்தது, அதுக்கான செலவும் அப்படியேதான் இருந்தது.

இந்தக் கூத்தெல்லாம் கூடப் பரவாயில்லை. நான் சொல்ல வந்தது டெஸ்டிங் லேப் விஷயம்.

*

பம்ப் ஒவ்வொண்ணும் எவ்வளவு தண்ணி தள்ளுது, எவ்வளவு உயரத்துக்குத் தள்ளுது, எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு ஓட்டிப் பார்த்து ரீடிங் எடுக்கற இடம் அது. ரீடிங் எல்லாம் ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல. லேப் இன்சார்ஜ் ஒரு பெரியவர், ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருந்தது. பட்ஜெட்டைக் குறைக்கச் சொல்லி மேலேருந்து நெருக்கடி. எங்க பட்டியல்ல எதை வெட்டலாம்னு பார்த்தார். பேக்கப், 400 ரூபாய். வெட்டிட்டார்.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? "சேவை வேண்டாம்"னு ஒரு ஃபாரம் இருந்தது, நானே டிசைன் பண்ணினது. அதுல அவர்கிட்ட கையெழுத்து வாங்கி ஃபைல்ல வெச்சேன்.

ஏழு மாசம் கழிச்சு அந்த மெஷின்லேருந்து கடகடன்னு சத்தம் வந்து ஹார்ட் டிஸ்க் போச்சு. சென்னைக்கு அனுப்பினோம், பெங்களூருக்கு அனுப்பினோம், ஒண்ணும் மீளலை. மூணு வருஷ ரீடிங் காலி. அதே மாசம் வெளிநாட்டு பார்ட்டி ஒருத்தர் பழைய சப்ளைக்கு ரீடிங் கேட்டார். ஆர்டர் நின்னுது. சாம்பிள் பம்ப் வெளியில அனுப்பி டெஸ்ட் பண்ணி, கெஞ்சிக் கூத்தாடி திரும்ப வாங்கினோம். அதுக்கு ஆன செலவுல அந்த ஒரு மெஷினுக்கு என் ஆயுசு முழுக்க பேக்கப் எடுத்திருக்கலாம்.

எம்.டி. ரூம்ல விசாரணை. நான் ஃபைலைத் திறந்து அந்த ஃபாரத்தை எடுத்து மேஜை மேல வெச்சேன். வெச்சப்போ எனக்குள்ள ஒரு சின்ன சந்தோஷம் வந்தது பாருங்க. தப்பிச்சோம்டா சாமின்னு. இன்னிக்கு வரைக்கும் அதை நெனைச்சா கூசுது.

பெரியவர் அந்தக் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சத்தம் போடலை. "தம்பி, நீங்க என்கிட்ட ஃபாரம்தானுங்க குடுத்தீங்க. டிஸ்க் போனா எல்லாமே போயிரும்னு சொல்லலீங்களே."

அவ்வளவுதான்.

பில் வர்றதுக்கு முந்தின வருஷமா இருந்தா, அவர் கேட்டிருக்கவே மாட்டார், நானும் கேட்டிருக்க மாட்டேன். ராத்திரி பத்து மணிக்கு எங்க பையன் ஒருத்தன் போய் காப்பி எடுத்து வெச்சுட்டு வந்திருப்பான். அவரை நான் "வாடிக்கையாளர்"னு மாத்தினதும், அவரோட டேட்டா என் பிரச்சினை இல்லைன்னு ஆயிடுச்சு. பெரிசா ஒண்ணு போகும்னு மேல சொன்னேனே, அது இதுதான். ஒரே கூரைக்குக் கீழ இருக்கறவன் கஷ்டம் நம்ம கஷ்டம்ங்கற நெனப்பு.

*

சரி, சொந்தக் கதை சோகக் கதை போதும். இது எங்க கம்பெனியோட கோளாறா, இல்லை அந்த யோசனையோட கோளாறான்னு கேட்பீங்க. யோசனையோட கோளாறுதான்னு நான் சொல்றதுக்கு மூணு காரணம்.

ஒண்ணு, வியாபாரின்னா தனக்குக் கட்டுப்படியாகாத வாடிக்கையாளரை வேண்டாம்னு சொல்லலாம். வாடிக்கையாளரும் பிடிக்கலைன்னா அடுத்த கடைக்குப் போகலாம். கம்பெனிக்குள்ள ரெண்டும் கிடையாது. ஐ.டி. கடையை மூட முடியாது. மத்தவங்க வேற கடைக்குப் போனா கம்பெனி ரெண்டு கடைக்கும் சேர்த்துப் பணம் கட்டும், எங்க ஸ்டோர்ஸ் ரூட்டர் மாதிரி.

ரெண்டு, செலவு கணக்கு. ஐ.டி. செலவுல பெரும்பகுதி கம்ப்யூட்டர் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறி இறங்கறது இல்லை. சர்வர், லைசென்ஸ், ஆள் சம்பளம் எல்லாம் நிலையான செலவு. ஒரு பேச்சுக்கு மாசம் 10 லட்சம்னு வெச்சுக்குவோம். 500 கம்ப்யூட்டர் இருந்தா ஆளுக்கு 2,000 ரூபாய். விலை ஜாஸ்தின்னு 100 கம்ப்யூட்டரைத் திருப்பிக் குடுத்தா, மிச்சம் 400 பேர் தலையில 2,500. அதைப் பார்த்து இன்னொரு 100 பேர் கழண்டா, மிச்சம் 300 பேருக்கு 3,333. ஓடறவன் ஓட ஓட, இருக்கறவனுக்கு விலை ஏறும். விலை ஏற ஏற இன்னும் நாலு பேர் ஓடுவான். கம்பெனி செலவு மட்டும் அதே 10 லட்சம்!

மூணு, விலை போட்டா மனுஷன் விலையைத்தான் பார்ப்பான், ஆபத்தைப் பார்க்க மாட்டான். பேக்கப், செக்யூரிட்டி பேட்ச் மாதிரி விஷயம் எல்லாம் ஒண்ணும் ஆகாத வரைக்கும் தண்டச் செலவாத்தான் தெரியும். கேட் வாட்ச்மேன் சம்பளத்தை டிபார்ட்மெண்ட் வாரியாப் பிரிச்சு, வேணுமா வேண்டாமான்னு டிக் அடிக்கச் சொல்லிப் பாருங்க. பாதிப் பேர் வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. தீயணைப்பு சிலிண்டருக்கும் அதே கதிதான்.

இது நான் மட்டும் கண்டுபிடிச்ச ஞானமும் இல்லை. 1980கள் கடைசியில பிரிட்டிஷ் அரசாங்கத்தோட கம்ப்யூட்டர் ஏஜென்சி ஒண்ணு ஐ.டி. நிர்வாகத்துக்குன்னு நடைமுறைகளைத் தொகுத்தது. ஐ.டி.ஐ.எல்.னு சொல்றோமே, அதுதான். 2001ல வந்த அதோட பதிப்புல நிதி நிர்வாகத்தை மூணாப் பிரிச்சிருப்பாங்க: பட்ஜெட் போடறது, கணக்கு வைக்கறது, வசூல் பண்றது. முதல் ரெண்டும் அவசியம், மூணாவது விருப்பம் இருந்தா. எங்க ஆலோசகர் அந்த ரெண்டையும் தாண்டிக் குதிச்சு நேரா மூணாவதுக்கு வந்துட்டார். நானும் கூடவே குதிச்சேன்.

பெரிய லெவல்ல பார்க்கணுமா? ஜெனரல் மோட்டார்ஸ் 1984ல ஈ.டி.எஸ். கம்பெனியை 250 கோடி டாலர் குடுத்து வாங்கிச்சு. தன்னோட கம்ப்யூட்டர் வேலையை எல்லாம் அதுகிட்ட ஒப்படைச்சுது. கார் செய்யற பிரிவுகள் எல்லாம் வாடிக்கையாளர், ஈ.டி.எஸ். வியாபாரி, ரெண்டுக்கும் முதலாளி ஒருத்தரே. விலை விஷயத்துல ரெண்டு பக்கமும் மல்லுக்கட்டு. ஈ.டி.எஸ்.ஸை ஆரம்பிச்ச ராஸ் பெரோவுக்கும் ஜி.எம். தலைமைக்கும் முட்டிக்கிட்டு, 1986 டிசம்பர்ல சுமார் 70 கோடி டாலர் குடுத்து அவரை அனுப்பினாங்க. 1996ல ஈ.டி.எஸ். தனிக் கம்பெனியாப் பிரிஞ்சுது. 2012ல என்ன ஆச்சு? புதுசா வந்த ஐ.டி. தலைவர் ராண்டி மாட், வேலையில 90 சதவீதம் வெளியாட்கள் கையில இருக்கு, அதைத் தலைகீழா மாத்தி 90 சதவீதத்தை உள்ளே கொண்டு வரப் போறோம்னார். அதுல ஹெச்.பி.லேருந்து மட்டும் 3,000 பேர். ஈ.டி.எஸ்.ஸை ஹெச்.பி. 2008லயே வாங்கியிருந்தது, அதனால அந்த வேலையை வெளியிலேருந்து பார்த்துக்கிட்டு இருந்தவங்கதான் இப்போ உள்ளே. சுத்திச் சுத்தி வந்த இடத்துக்கே!

ஜே.பி. மார்கன் சேஸும் 2002 டிசம்பர்ல ஐ.பி.எம்.மோட ஏழு வருஷத்துக்கு 500 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு, கிட்டத்தட்ட 4,000 பேரை அந்தப் பக்கம் அனுப்பிச்சு. பேங்க் ஒன்னோட இணைஞ்ச கையோட, 2004 செப்டம்பர்ல ஒப்பந்தத்தை ரத்து பண்ணி ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கிச்சு. ஐ.டி.யை வெளியில குடுக்கறதும் உள்ளேயே பில் போடறதும் ஒண்ணு இல்லைதான். ஆனா ரெண்டுக்கும் அடியில இருக்கற நெனப்பு ஒண்ணு: இது யாரோ விக்கற சரக்கு, நாம காசு குடுத்து வாங்கறோம்.

*

எதிர்க்கட்சி வாதமும் இருக்கு. அதை மறைக்கக் கூடாது. "ஓசியில கிடைச்சா பினாயிலைக் கூடக் குடிப்பாங்க. பில் இல்லைன்னா ஆளாளுக்கு லேப்டாப் கேட்பான், ரிப்போர்ட் கேட்பான், அதை எப்படித் தடுப்பே?" நியாயமான கேள்வி. பதில் எங்க கதையிலேயே இருக்கு. அந்த முப்பத்தெட்டு கம்ப்யூட்டரும் திரும்பி வந்தது எப்போ? மாதிரி பில் அனுப்பின முதல் ரெண்டு மாசத்துல. அப்போ ஒத்தைப் பைசா கைமாறலை. நல்லது எல்லாம் பில்லைக் காட்டினப்பவே நடந்து முடிஞ்சுது. காசு கழிச்சதுல வந்தது எல்லாம் வினைதான்.

வீட்டுல பால் கணக்கு எழுதற மாதிரிதான். எங்கம்மா டெய்லி காலண்டர் தாள்ல பால் எத்தனை பாக்கெட்னு எழுதி வெப்பாங்க. மாசக் கடைசியில கூட்டிப் பார்த்து, "இந்த மாசம் காபி ஜாஸ்தியாப் போச்சு"ன்னு எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லுவாங்க. அடுத்த மாசம் தன்னால குறையும். ஆனா யாரும் காபி குடிச்சதுக்கு எண்ணி வசூல் பண்ணினது கிடையாது. பண்ணியிருந்தா எங்கப்பா தெருமுனை டீக்கடைக்குப் போயிருப்பார், பாலும் திரிஞ்சு போயிருக்கும்.

வசூலே கூடாதுன்னும் அடம் பிடிக்க மாட்டேன். நான் வெச்சிருக்கற அளவுகோல் இது: அந்த டிபார்ட்மெண்ட் "வேண்டாம்"னு சொன்னா, கம்பெனி கையிலேருந்து வெளியில போற காசு நிஜமாக் குறையுமா? குறையும்னா அவங்க பட்ஜெட்ல கழிங்க. வாடிக்கையாளருக்கு அனுப்பற எஸ்.எம்.எஸ்., ஒரே டிபார்ட்மெண்ட்டுக்குன்னு வாங்கற சாஃப்ட்வேர், மணிக்கணக்குல வாடகை ஓடற கிளவுட் சர்வர் எல்லாம் இந்த ரகம். 2006ல அமேசான் ஒரு ஜி.பி.க்கு மாசம் 15 சென்ட், ஒரு சர்வருக்கு மணிக்கு 10 சென்ட்னு கடை திறந்தப்புறம் இந்த ரகச் செலவு எல்லா இடத்துலயும் ஏறிக்கிட்டே இருக்கு. அணைக்காம விட்ட சர்வருக்கு விட்டவர் பட்ஜெட்தான் பதில் சொல்லணும். குறையாதுன்னா, காட்டறதோட நிறுத்திக்கோங்க. பேக்கப், செக்யூரிட்டி மாதிரி விஷயத்தை அந்தப் பட்டியல்லயே சேர்க்காதீங்க. அது கம்பெனி பொதுக் கணக்கு, வாட்ச்மேன் சம்பளம் மாதிரி.

இன்னொரு விஷயம், கணக்குப் பிரிவு ஆளுங்க கண்டிப்பாக் கேட்பாங்க. 2017 ஜூலையில ஜி.எஸ்.டி. வந்தப்புறம், ஒரே கம்பெனியா இருந்தாலும் வேற வேற மாநிலத்துல பதிவு இருந்தா, ஒண்ணு இன்னொண்ணுக்குச் செய்யற சேவை வரிக் கணக்குல வந்துடும். அதுக்கு இன்வாய்ஸ் போடற வேலை இருக்கு. உள்ளுக்குள்ளயே செய்யற சேவைக்கு ஆள் சம்பளத்தைச் சேர்த்தே ஆகணும்னு கட்டாயமில்லைன்னு 2023 ஜூலையில ஒரு சுற்றறிக்கையும் வந்தது. அதை ஆடிட்டர் சொல்றபடி செய்யுங்க. வரிக்காகப் போடற காகிதத்தை வெச்சு யாருக்கு என்ன சேவைன்னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க.

வியாபாரிகிட்டேருந்து ஐ.டி. கத்துக்க வேண்டியது நிறையவே இருக்கு. எது எவ்வளவு ஆகுதுன்னு சொல்லத் தெரியணும். இருக்கறதை ஓட்டறதுக்கு எவ்வளவு, புதுசா செய்யறதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுக் காட்டணும். எந்த வேலையை முதல்ல எடுக்கறதுன்னு எல்லா டிபார்ட்மெண்ட்டையும் உட்கார வெச்சுப் பேசி வரிசைப்படுத்தணும். முடியாதுன்னா முடியாதுன்னு காரணத்தோட சொல்லணும். இவ்வளவும் பண்ணினா பட்ஜெட் மீட்டிங்ல யாரும் அர்ச்சனை பண்ண மாட்டாங்க. இதை நான் பில் எல்லாம் நிறுத்தினப்புறம்தான் கத்துக்கிட்டேன், கொஞ்சம் லேட்டா.

நண்பர்கிட்ட இதையெல்லாம் சொல்லி முடிச்சேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "முடிவெடுத்துட்டாங்கய்யா, ஏப்ரல்லேருந்து பில் போட்டே ஆகணும்"னார். அப்படின்னா ஒண்ணே ஒண்ணு செய்னு சொன்னேன். பில் போடு. ஆனா "சேவை வேண்டாம்"னு ஃபாரம் அடிக்காதே. யாராவது பேக்கப் வேண்டாம்னு சொன்னா, எழுந்து அவங்க இடத்துக்குப் போ. பக்கத்துல உட்கார்ந்து, டிஸ்க் போனா என்ன ஆகும்னு வாயைத் திறந்து சொல்லு.

எங்க பெரியவர் ரிட்டயர் ஆன அன்னிக்கு டீ பார்ட்டியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு நல்லாத்தான் பேசினார். அந்த விஷயத்தை எடுக்கவே இல்லை. நானும் எடுக்கலை. எடுத்திருக்கலாம்.

உங்க ஆபீஸ்ல எப்படி மக்களே? பில் போடறவங்களா, பில் வாங்கறவங்களா? பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: எந்தக் கம்பெனின்னு கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். எக்செல் ஷீட்டும் கேட்காதீங்க. அழிச்சாச்சு. பேக்கப் எடுக்கலை :-)